சில்வர் ஷேடோ: போன மரியாதையும் திரும்பி வந்த மரியாதையும்

கேள்வி இது: "ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவை பிரிட்டனில் ஒரு காலத்தில் கல்யாண வாடகை வண்டி, காசு விழுங்கி என்று ஒதுக்கினார்கள். இப்போது அதையே தேடி வாங்குகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது? அங்கே வசிக்கும் ஒருவர் இன்று ஒன்றை வாங்க நினைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?" இரண்டு பாதிக்கும் விடை ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

அடிப்படைக் காரணம் எளிது. வண்டியின் விலை சரிந்தது, அதைப் பராமரிக்கும் செலவு சரியவில்லை. பெயர் கெட்டது அந்த இடைவெளியில்தான்.

1965 அக்டோபரில் ஷேடோ வெளிவந்தபோது ரோல்ஸ் ராய்ஸ் அதுவரை செய்யாத பலவற்றை ஒரே வண்டியில் செய்திருந்தது. அதற்கு முந்தைய சில்வர் கிளவுடில் சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனி, பாடி தனி. ஜான் பிளாச்லி வடிவமைத்த ஷேடோவில் இரண்டும் ஒன்றே, அதாவது மோனோகாக். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், நான்கிலும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ஏற்றும் பாரத்துக்கு ஏற்பத் தானாகவே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு. இந்த ஹைட்ராலிக் நுட்பம் சிட்ரோயனிடம் உரிமம் வாங்கியது. 6,230 சிசி அலுமினிய வி8 எஞ்சின் 1970-ல் 6,750 சிசி ஆனது. 1977-ல் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கோடு ஷேடோ 2 வந்தது. 1980-ல் சில்வர் ஸ்பிரிட் இடத்தைப் பிடித்தது.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பென்ட்லி டி என்ற இரட்டைப் பிறவியையும் நீள மாடல்களையும் சேர்த்துச் சுமார் 30,000 வண்டிகள் இங்கிலாந்தின் குரூ நகரில் இருந்த தொழிற்சாலையிலிருந்து வெளியேறின. அதற்கு முன் எந்த ரோல்ஸும் இந்த அளவில் கட்டப்பட்டதில்லை. பிறகு விலை விழுந்ததற்கு முதல் விதை இந்த எண்ணிக்கைதான். அரிதான பொருள் பழசானால் விலை ஏறும். நிறைய இருக்கும் பொருள் பழசானால் முதலில் விழத்தான் செய்யும்.

வந்த புதிதிலேயே பழமை விரும்பிகளுக்குக் குறை இருந்தது. சாதாரண செடான் போலப் பெட்டி பெட்டியாக இருக்கிறது என்றார்கள். சேசிஸ் தனியாக இல்லாததால் விருப்பப்படி பாடி கட்டித் தந்த கோச்பில்டர்களின் தொழிலும் சுருங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடியில் லிட்டருக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் மட்டும் தரும் இரண்டு டன் வண்டி வேறு விதத்தில் கண்ணை உறுத்தியது. வேலைநிறுத்தமும் மின்வெட்டுமாக இருந்த அந்த நாட்களில் அது முதலாளியின் வண்டி. தெருவில் நின்றாலே ஒரு கருத்துச் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

ஆனால் உண்மையான அடி விழுந்தது எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும்தான். வண்டிகளுக்கு அப்போது வயது ஏறக்குறைய பத்து முதல் முப்பது. பழைய கார்களின் விலை எண்பதுகளின் இறுதியில் ஊதிப் பெருத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெடித்தது. ஒரு சாதாரண குடும்பக் காரின் விலைக்கும் கீழே ஷேடோ கிடைக்க ஆரம்பித்தது. வாங்கும் விலைக்கு மட்டும் பணம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். அந்த வண்டிக்கு முறையான ஒரு பிரேக் வேலை செய்யவே வாங்கிய விலையில் பெரிய பங்கு போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை தள்ளிப்போடப்பட்டது. தள்ளிப்போட்ட வேலை பழுதாக வந்தது. பழுது "இந்த வண்டியே இப்படித்தான்" என்ற பேச்சாக மாறியது.

கல்யாண வாடகை அதைவிடக் கெடுதல் செய்தது. பல வண்டிகள் வெள்ளையும் கிரீமும் அடிக்கப்பட்டன. துரு பிடித்த இடங்களைப் புட்டி போட்டு மறைத்து அதன்மேல் அடித்த வண்டிகள் ஏராளம். கல்யாண ஓட்டம் என்றால் வாரக் கடைசியில் சில கிலோமீட்டர், அதுவும் ஊர்வல வேகத்தில், நடுவில் எஞ்சின் ஓடியபடியே காத்திருப்பு, குளிர்காலம் முழுக்க ஷெட்டில். சைலன்சருக்குள் தேங்கும் ஈரம் காய வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். பிரேக் திரவம் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பிரேக் டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன்களைத் துருப்பிடிக்க வைக்கும். ஷேடோவைக் கொல்ல வேண்டும் என்று திட்டமிட்டாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

அந்தப் பிரேக் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இந்த வண்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. எஞ்சினின் வி வடிவப் பள்ளத்தில் இரண்டு சிறு பம்புகள். கேம்ஷாஃப்ட்தான் அவற்றை இயக்குகிறது. அவை திரவத்தை இரண்டு அக்யுமுலேட்டர் கோளங்களுக்குள் சுமார் 2,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் வரை ஏற்றி வைக்கின்றன. ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் 1,000 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பிய நைட்ரஜன். பிரேக்கை மிதிக்கும்போது வேலை செய்வது இப்படிச் சேமித்து வைத்த அழுத்தம். பின்பக்க உயரச் சீரமைப்பும் இதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

காலப்போக்கில் நைட்ரஜன் சவ்வு வழியாக மெல்லக் கசியும். எஞ்சின் ஓடும்வரை பம்புகள் அடித்துக்கொண்டே இருப்பதால் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால்தான் சேமிப்பில் ஒன்றும் இல்லை என்பது தெரியவரும். அதனால் வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். எஞ்சினை நாலைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் இரண்டு பிரேக் அழுத்த விளக்குகளும் அணைந்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, பிரேக் பெடலை முழுதாக மிதித்து மிதித்து விட வேண்டும். எத்தனையாவது மிதியில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். நாற்பதுக்கு மேல் போனால் கோளங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. இருபதுக்குக் கீழே என்றால் புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். பத்துக்குள் எரிந்தால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. இரண்டு விளக்குகளும் வெவ்வேறு எண்ணிக்கையில் எரிவது இயல்பு. மோசமானதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது திரவம். ஷேடோவுக்கு ஆர்.ஆர். 363, அல்லது அதே தரத்துக்குத் தயாரிக்கப்படும் திரவம். மற்ற கார்களுக்குப் போடும் சாதாரண டாட் 4 வகைத் திரவத்தை ஊற்றினால் பிரேக் பிடிக்கும். ஆனால் பம்புகளுக்கும் உயரச் சீரமைப்பு வால்வுகளுக்கும் தேவையான வழவழப்பு அதில் இல்லை, அவை தேய்ந்துபோகும். சிலிகான் வகையான டாட் 5 கூடவே கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட் கனிம எண்ணெய்க்கு மாறிவிட்டது. இரண்டும் பார்வைக்கு ஒரே குடும்பத்து வண்டிகள். விவரம் தெரியாத ஒருவர் ஸ்பிரிட்டின் எண்ணெயை ஷேடோவில் ஊற்றிவிட்டால், ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். கழுவி விட்டால் சரியாகாது. அமைப்பு முழுவதையும் பிரித்து எல்லா சீல்களையும் ஹோஸ்களையும் மாற்ற வேண்டும். பில் கட்டைப் புரட்டும்போது எந்தத் திரவம் என்று பெயரோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பிரேக் ஆயில் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், ஓட்டி வந்ததும் ஒரு வீல் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான், அடுத்தது காலிப்பர் பிஸ்டன். முன் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலிப்பர்கள், பின் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் நான்கு பிஸ்டன் கொண்ட ஒரு காலிப்பர். இத்தனை பிஸ்டன்கள் இருப்பதால் "ஒரு காலிப்பரை மட்டும் பார்த்தால் போதும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஒன்று கெட்டிருந்தால் மற்றவையும் அதே வயதுதான்.

பிரேக் குழாயின் எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் அழுத்தத்தை இறக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அக்யுமுலேட்டரின் பிளீட் திருகில் குழாய் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டு, மெதுவாகத் திறப்பதுதான் முறை. 2,500 பி.எஸ்.ஐ. என்பது தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம்.

துருவைப் பார்க்கப் பலரும் காந்தம் எடுத்துப் போவார்கள். ஷேடோவில் கதவுகள், பானெட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியக் கலவை. அங்கே காந்தம் ஒட்டாததைப் பார்த்துப் புட்டி என்று பயப்பட வேண்டாம். மற்றதெல்லாம் எஃகு. வீல் ஆர்ச் ஓரங்கள், முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் சில் ஆகிய இடங்களில் காந்தம் ஒட்ட வேண்டும். மோனோகாக் வண்டியில் சில் என்பது அலங்காரம் இல்லை, பாரம் தாங்கும் உறுப்பு.

கூரையில் எவர்ஃப்ளெக்ஸ் என்ற வினைல் உறை இருந்தால் முன், பின் கண்ணாடிகளின் ஓரமாக விரலால் அழுத்திப் பாருங்கள். உறைக்கு அடியில் கொப்புளம் தட்டுப்பட்டால் ஈரம் புகுந்து எஃகை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் பின் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். சேறும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அங்கே தேங்கி நிற்கும். அது உளுத்துப்போனால் ஸ்பிரிங் பிடிமானத்தை இழக்கும். அதைச் சரிசெய்ய பின்சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்மைக் கழற்ற வேண்டும், அதற்கு இந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க உரிய கம்பிரசர் கருவி வேண்டும். சாதாரண கம்பிரசரை வைத்து முயல்வது உயிரோடு விளையாடுவது. வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் இதைப் பார்க்க முடியாது. லிஃப்டில் ஏற்ற சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேலே பேச வேண்டிய அவசியமில்லை.

எஞ்சின் ஒப்பீட்டில் நல்ல பிள்ளை. இதே வி8 குடும்பம் 1959-ல் தொடங்கி, பென்ட்லி முல்சானில் 2020 வரை குரூவில் கட்டப்பட்டது. அறுபது ஆண்டு தாக்குப்பிடித்த வடிவமைப்பை நம்பலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. இது அலுமினிய பிளாக்குக்குள், பிஸ்டன்கள் ஓடும் இரும்புக் குழல்களான லைனர்கள் குளிர்நீரில் நிற்கும் அமைப்பு. அரிப்புத் தடுப்பான் உள்ள ஆன்டிஃப்ரீஸை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அலுமினியம் கரையும், லைனர்களைச் சுற்றி வண்டல் படியும், சூடு ஏறும். பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். லைனரின் சீல் கசிந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே வைத்த துளைகள் அவை. டார்ச் அடித்து அவற்றின் கீழே வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது வால்வுகளை இயக்கும் டப்பெட்டின் சத்தம் சில நொடி வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால் சகஜமில்லை.

கியர்பாக்ஸ், ஆரம்ப கால வண்டிகளைத் தவிர, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400. பிரச்சினை அதில் வருவது அபூர்வம். ஸ்டியரிங் அருகே இருக்கும் லீவர் கியர்பாக்ஸோடு நேரடியாக இணைக்கப்படவில்லை, ஒரு மின்மோட்டார்தான் கியர் நிலையை மாற்றுகிறது. வண்டி எந்த நிலைக்கும் போகாமல் அடம்பிடித்தால் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் முன், அந்த மோட்டாரின் ஃபியூஸையும் இணைப்புகளையும் பாருங்கள். இந்த ஒன்று தெரியாமல் நல்ல கியர்பாக்ஸ்களைப் பிரித்தவர்கள் உண்டு.

சரி, இவ்வளவு சிக்கலான வண்டிக்கு மரியாதை எப்படித் திரும்பியது? மோசமான வண்டிகள் செத்தன என்பதுதான் முதல் காரணம். தொண்ணூறுகளில் உடைக்கப்பட்ட ஷேடோக்களின் உதிரிகள்தான் மிஞ்சியவற்றைக் காப்பாற்றின. மிஞ்சியவை பெரும்பாலும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவை. இன்று சாலையில் ஒரு ஷேடோவைப் பார்ப்பவர் நல்ல ஷேடோவைத்தான் பார்க்கிறார். கூடவே, ஹைட்ராலிக் அமைப்பு மர்மமாக இருந்த காலமும் போனது. 1957-ல் தொடங்கிய ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப் பழுதுபார்க்கும் பயிற்சிகள் நடத்துகிறது. பட்டறைக் கையேடுகள் கிடைக்கின்றன, புதுப்பித்த கோளங்களைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ள முடிகிறது. செலவு இன்னும் அதிகம்தான், ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்த செலவுக்கு மனிதர்கள் பயப்படுவதில்லை, எப்போது எவ்வளவு வரும் என்று தெரியாத செலவுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

சட்டமும் துணைக்கு வந்தது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி இல்லை. கணிசமாக மாற்றப்படாத அத்தகைய வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து, சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. வரலாற்று வண்டி என்ற வரி வகுப்பில் பதிந்திருந்தால் புகை அதிகம் விடும் வண்டிகளிடம் லண்டனில் வாங்கும் யு.எல்.இ.இசட். கட்டணமும் கிடையாது. எல்லா ஷேடோக்களும் இப்போது 40 தாண்டியவை. ஆனால் வரி வகுப்பு தானாக மாறாது, உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்றாலும் ஆண்டுதோறும் எடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் பழைய எம்.ஓ.டி. விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். வாங்கும் முன் அதைப் படியுங்கள். "பின்பக்கம் அரிப்பு" என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதப்பட்டு, திடீரென்று சோதனையே நின்றுபோன வண்டி தன் கதையைத் தானே சொல்கிறது.

கண்ணும் மாறியது. 1998-ல் நிறுவனம் கைமாறி, 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் பெயர் பி.எம்.டபிள்யூ. வசம் தெற்கு இங்கிலாந்தின் குட்வுட்டில் கட்டிய புதிய தொழிற்சாலைக்குப் போனது. அங்கிருந்து வந்த முதல் ஃபேன்டம் 5.83 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலம். ஷேடோ 5.17 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். இன்றைய எஸ்.யு.வி.க்கள் நடுவே அது ஒல்லியாக, அடக்கமாகத் தெரிகிறது. 1965-ல் "சாதாரண செடான் போல இருக்கிறது" என்று குறையாகச் சொன்னதே இன்று அதன் அழகு. மெல்லிய தூண்கள், நான்கு பக்கமும் கண்ணாடி, வால்நட் மரம், தோல் இருக்கை, ஒரு திரைகூட இல்லாத டேஷ்போர்டு.

இதோடு அசல் தன்மைக்கு மதிப்பு கூடியது. பழைய வண்டிகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனம், பழையதை முடிந்தவரை மாற்றாமல் பேணுவதையே முதலில் வைக்கிறது. தேய்ந்த தோலும் நிறம் மங்கிய மரமும் கொண்ட, தொழிற்சாலைப் பெயின்டோடு நிற்கும் பழுப்பு நிற ஷேடோவுக்கு, கல்யாணத்துக்காக வெள்ளையடித்து மினுக்கிய வண்டியைவிட அதிக மரியாதை கிடைப்பது இப்படித்தான். எழுபதுகளின் பொன்னிறமும் பாசிப்பச்சையும் ஒரு தலைமுறைக்குக் கேலியாக இருந்தவை, இப்போது தேடப்படுகின்றன.

மின்சாரத்துக்கு மாற்றுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கிய லுனாஸ் போன்ற நிறுவனங்கள் பழைய ரோல்ஸ்களை அப்படி மாற்றித் தந்திருக்கின்றன, வேலைத்தரமும் உயர்ந்தது. ஷேடோவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வண்டியில் எஞ்சின் குறையே இல்லை. எஞ்சினை எடுத்தால் கேம்ஷாஃப்ட் ஓட்டும் பிரேக் பம்புகளும் கூடவே போய்விடும், பிரேக்கையும் உயரச் சீரமைப்பையும் வேறு வழியில் இயக்கியாக வேண்டும். நன்றாக இருந்ததை எடுத்துவிட்டு, கடினமானதை இன்னும் கடினமாக்கும் வேலை அது. எஞ்சின் வகை மாறுவது "கணிசமான மாற்றம்" என்ற கேள்வியையும் எழுப்பி, மேலே சொன்ன எம்.ஓ.டி. விலக்கைச் சிக்கலாக்கும்.

எதை வாங்குவது? அடிக்கடி ஓட்டுவதற்கு என்றால் 1977-க்குப் பிந்தைய ஷேடோ 2. அதன் ஸ்டியரிங் முந்தையதைவிடத் தெளிவாகப் பேசும். தோற்றத்துக்கு என்றால் 1970-க்குப் பிந்தைய, குரோம் பம்பர் கொண்ட 6,750 சிசி ஷேடோ 1. இரண்டில் எதுவானாலும், பில் கட்டு தடிமனாக இருக்கும் வண்டியை, பெயின்ட் பளபளக்கும் வண்டிக்கு முன்னால் வையுங்கள். வாங்கும் விலைக்கு மேல், முதல் ஆண்டு வேலைக்கென்று தனியாகப் பணம் இல்லையென்றால் காத்திருங்கள். தொண்ணூறுகளில் நடந்த தவறு அதுதான்.

வாங்கிய முதல் மாதத்தில், பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரேக் திரவம், ஆன்டிஃப்ரீஸ், எஞ்சின் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களை அரிக்கும், சூடான வி8-க்கு மேல் சொட்டும் பெட்ரோல் தீயில்தான் முடியும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, சூப்பர் வகையில் கிடைக்கும், எத்தனால் குறைந்த ஈ5 போடுங்கள்.

பிறகு ஓட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல், எஞ்சினும் சைலன்சரும் முழுதாகச் சூடாகும்வரை. குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவியிருந்தால் மழை வந்து கழுவிய பிறகு எடுங்கள். வண்டி திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். காலிப்பர் இறுகத் தொடங்கினால் பெடலில் தெரியும் முன் அங்கேதான் தெரியும்.